அலுவலக நகரில் ஒரு சனி, ஒரு ஞாயிறு

2025 ஜனவரி முதல் நாளிலிருந்து ஜொகூரில் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு என்று ஆனது. 2014 முதல் பதினோர் ஆண்டுகளாக வெள்ளி, சனியில் ஓய்ந்து பழகியவர்கள் நாம். கோலாலம்பூரில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு விடுமுறை, தெப்ராவில் இருக்கும் தம்பிக்கு வேறொரு விடுமுறை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அப்பா வீட்டில் இருக்கும் ஞாயிறன்று பிள்ளைகள் பள்ளிக்குப் புத்தகப்பையைத் தூக்குவார்கள். அந்தச் சிக்கல் தீர்ந்ததும், நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து இரண்டு நாள் எங்காவது போய் வரலாம் என்ற பேச்சு எங்கள் பக்கத்திலும் எழுந்தது.

மலாக்கா, கேமரன் மலை, போர்ட்டிக்சன் என்று வழக்கமான பட்டியல் ஓடியது. நடுவில் ஒருவர் புத்ராஜெயா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். “அங்கே என்ன, ஐ.சி. மாத்தவா போறோம்?” என்று இன்னொருவர் கேட்டார்.

அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கசப்பும் உண்டு. நம்மில் பலருக்குப் புத்ராஜெயா என்றால் கோப்பு போய்ச் சேரும் ஊர். பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை மனு என்று எது சிக்கினாலும் “புத்ராஜெயாவுக்கு அனுப்பியிருக்கிறோம்” என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் நாம். வேலை நாளில் கோப்பும் கையுமாகப் போய், நாற்காலியில் எண்ணுக்காகக் காத்திருந்து, திரும்பிவிடுவோம். ஊரைச் சுற்றிப் பார்த்தவர்கள் குறைவு.

பயணம் உறுதியானதற்குக் காரணம் நண்பர் ஒருவரின் தாயார். எழுபதைத் தாண்டியவர். கல்யாணமாகி ஜொகூருக்கு வந்தவர். நாங்கள் எல்லாருமே அவரை அம்மா என்றுதான் அழைப்போம். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், “நானும் வர்றேன்யா. நான் பொறந்த எடத்த ஒரு தரம் பாத்துட்டு வந்துடறேன்” என்றார். அவர் பிறந்தது பிராங் பெசார் தோட்டத்து லயத்தில். இன்றைய புத்ராஜெயா அந்தத் தோட்டத்தின் மேல்தான் நிற்கிறது.

தெப்ராவிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்கு வேனில் புறப்பட்டு, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பாகோ ஓய்விடத்தில் நிறுத்திப் பசியாறினோம். நீலாய் அருகே பிரதான நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, விமான நிலையப் பக்கம் போகும் எலைட் சாலையைப் பிடித்தால் புத்ராஜெயா வெளிவழி வந்துவிடும். ஒன்பதரை மணிக்கெல்லாம் ஏரிக்கரையில் நின்றோம்.

முதலில் காதில் படுவது அமைதிதான். ஆறு தடச் சாலையில் எங்கள் வேன் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சமிக்ஞை விளக்கு யாருக்காகவோ சிவப்பாகி, யாருக்காகவோ பச்சையானது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கே வசிப்பவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான். அவர்களில் மிகப் பலர் அரசாங்க ஊழியர்களும் அவர்களின் குடும்பத்தாரும். வார இறுதி வந்தால் அவரவர் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து போகிறவர்களும் சனிக்கிழமை வருவதில்லை. ஐந்து நாள் உழைத்து இரண்டு நாள் உறங்கும் ஊர் இது.

உலகத்தில் திட்டமிட்டுக் கட்டிய தலைநகர்கள் பலவற்றுக்கும் இந்தப் பெயர் உண்டு. ஆஸ்திரேலியாவின் கான்பெரா, பிரேசில் 1960இல் திறந்த பிரசிலியா, பர்மாவின் நேப்பிடோ எல்லாமே அகலச் சாலையும் குறைந்த கூட்டமுமாக இருப்பவை. இலங்கையில் ஜெயவர்த்தனபுர கோட்டையில் ஏரி நடுவே 1982இல் நாடாளுமன்றக் கட்டடத்தைத் திறந்தார்கள். சந்தையோ துறைமுகமோ முதலில் தோன்றி, அதைச் சுற்றி மக்கள் சேர்ந்து வளர்ந்த நகரத்தில் சத்தம் தானாக வரும். முதலில் அலுவலகத்தைக் கட்டிவிட்டு மக்களைக் கூப்பிட்ட நகரத்தில் அது வரத் தாமதமாகும்.

புத்ராஜெயாவைத் தலைநகர் என்று நாம் சொன்னாலும், சட்டப்படி நாட்டின் தலைநகர் இன்னமும் கோலாலம்பூர்தான். அரசியலமைப்பின் 154ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நாடாளுமன்றமும் அங்கேதான் கூடுகிறது. புத்ராஜெயா நிர்வாகத் தலைநகர். கோலாலம்பூரில் நெரிசல் மிகுந்துபோனதால், துன் மகாதீர் பிரதமராக இருந்த காலத்தில், 1995இல் கட்டுமானம் தொடங்கியது. 1999இல் பிரதமர் அலுவலகம் இடம் மாறியது. 2001 பிப்ரவரி முதல் நாள், கோலாலம்பூர், லாபுவானுக்குப் பிறகு மூன்றாவது கூட்டரசுப் பிரதேசமானது. முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவின் பெயரில் ‘புத்ரா’ வந்தது. ‘ஜெயா’ என்பது வெற்றி. இரண்டும் வடமொழிச் சொற்கள். நமக்குப் பொருள் சொல்லத் தேவையில்லை.

சுற்றிப் பார்க்கப் புத்ரா சதுக்கத்திலிருந்து தொடங்குவது வசதி. ஒரு பக்கம் பச்சைக் கூம்புமாடத்துடன் பிரதமர் அலுவலகம். பக்கத்தில் இளஞ்சிவப்புக் கல்லில் கட்டிய புத்ரா பள்ளிவாசல். அதன் கோபுரம் 116 மீட்டர் உயரம். உள்ளே 15,000 பேர் வரை தொழலாம் என்கிறார்கள். மற்ற சமயத்தாரும் தொழுகை நேரம் தவிர்த்துப் பார்க்கலாம். உடலை மூடும் அங்கியை வாசலில் கொடுக்கிறார்கள்.

சதுக்கத்தையொட்டியே புத்ரா பாலம். நீளம் 435 மீட்டர். ஈரானில் இஸ்பகான் நகரத்தின் பழைய காஜு பாலத்தைப் பார்த்து வடிவமைத்தது. அதைக் கடந்தால் ஏறக்குறைய நாலு கிலோமீட்டருக்கு நேராக ஓடும் பெர்டானா பெருஞ்சாலை. இருமருங்கிலும் அமைச்சுகள், நீதிமன்ற மாளிகை. 2010இல் திறந்த இரும்புப் பள்ளிவாசலும் இந்தப் பக்கத்தில்தான். எஃகைப் பெருமளவில் கொண்டு கட்டியதால் அந்தப் பெயர் வந்தது. சுற்றுச் சுவர் இல்லாமல் காற்று வந்து போகிறது. உச்சி வெயிலில் அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்தோம்.

இத்தனை கட்டடங்களைக் காட்டியும் அம்மாவின் கண் அவற்றில் நிற்கவில்லை. மேட்டையும் பள்ளத்தையும்தான் பார்த்துக்கொண்டு வந்தார். “இங்க மேடு ஏறி எறங்கும்யா. அந்த மேட்டுல தொர பங்களா. கீழ எறக்கத்துல லயம். அதுக்கும் கீழ ஆறு” என்றார். அந்த ஆறு சுவாவ் ஆறு. அதைத் தடுத்து நிறுத்தித்தான் இன்றைய ஏரியை உண்டாக்கினார்கள். ஏரி மட்டும் 400 ஹெக்டர். அம்மா சொன்ன இறக்கம் இப்போது தண்ணீருக்கு மேலா, அடியிலா என்று எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. ஏரியில் படகுச் சவாரி உண்டு. சீட்டு வாங்கி ஏறினோம். படகு போகும்போது ஒலிபெருக்கியில் பாலங்களின் பெயர் ஒவ்வொன்றாக வந்தது. அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிராங் பெசார் என்றால் மலாயில் பெரும்போர். முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் சேர்ந்து, காடழித்துத் திறந்த தோட்டம் என்பதால் அந்தப் பெயர். 800 ஏக்கரில் தொடங்கியது, அக்கம்பக்கத் தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டு 8,000 ஏக்கராக வளர்ந்தது. ஆனால் அதன் புகழ் பரப்பால் வந்ததல்ல. அதிகம் பால் தரும் மரங்களைத் தேர்ந்து, ஒட்டுக் கட்டி, புதிய இரகங்களை உருவாக்கிய ஆராய்ச்சித் தோட்டம் அது. பி.பி. 86, பி.பி. 217, பி.பி. 260 என்ற இரகங்களைக் கேட்டிருப்பீர்கள். அந்த பி.பி. என்பது பிராங் பெசாரின் முதலெழுத்துகள். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பி.பி. 86 மரங்களை நட்டுப் பிழைத்தவர்கள் உண்டு. இந்நாட்டில் வெகுகாலம் கொடிகட்டிப் பறந்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 இரகத்துக்கும் பெற்றோரில் ஒன்று இந்த பி.பி. 86தான்.

ஒரு மரம் நல்ல மரம் என்று எப்படித் தெரியும்? தினம் தினம் அந்த மரத்தை வெட்டி, மங்கில் விழுந்த பாலைத் தனியே அளந்தால்தான் தெரியும். ஆராய்ச்சியாளர் குறிப்பேட்டில் எழுதிய எண்ணுக்குப் பின்னால் ஓர் உளியும் ஒரு கையும் இருந்தன. அந்தக் கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். உலகம் முழுவதும் போன இரகத்தில் அவர்கள் பெயர் இல்லை. ஆனால் அவர்கள் அளந்து கொடுத்த பால் இருக்கிறது.

பிற்பகலில் 16ஆம் பிரிசிண்ட்டில் உள்ள வேளாண் மரபுப் பூங்காவுக்குப் போனோம். டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான் என்று உள்ளூர்ப் பழமரங்கள், வாசனைப் பயிர்கள், செம்பனை, கொக்கோ, காப்பி. அவற்றோடு பால்மரமும் உண்டு. ஊர் முழுக்கப் பால்மரமாக இருந்த இடத்தில், அடுத்த தலைமுறைக்கு இதுதான் பால்மரம் என்று காட்டுவதற்கு ஒரு பூங்கா! அம்மா மரத்தைத் தொட்டுப் பார்த்தார். எங்களில் இருவர் நகரத்தில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அங்கேயே பாடம் நடந்தது.

“வெட்டு எடது பக்கம் மேல ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ எறங்கணும். அப்பதான் பால் கொழாய் நெறைய அறுபடும். பட்டைய மெல்லிசாச் சீவணும். உள்ள வெள்ளக் கட்டையில உளி பட்டுச்சின்னா மரத்துக்குக் காயம். தண்டல் வந்து பாத்தா ஏச்சுத்தான். மறுபடி அந்த எடத்துல பட்டை நல்லா வளராது.”

இருட்டோடு ஏன் வேலைக்குப் போனார்கள் என்று ஒருவர் கேட்டார். வெயில் ஏறினால் இலை வழியாக மரம் நீரை இழக்கும். பால் குழாயில் அழுத்தம் குறையும். பால் சீக்கிரம் நின்றுவிடும். விஞ்ஞானம் இப்படிச் சொல்கிறது. அம்மா வேறு விதமாகச் சொன்னார்: “வெயில் வந்தா மரம் தூங்கிடும்யா.” பெரட்டுக்கு நாலரை மணிக்கு எழுந்து, கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, தலையில் விளக்கோடு தீம்பாருக்குப் போன கதையை நடந்துகொண்டே சொல்லி முடித்தார். பூங்காவில் வேறு எந்தப் பலகையும் எங்களுக்கு இவ்வளவு சொல்லவில்லை.

அந்தி சாயும் நேரத்தில் ஈரநிலப் பூங்காவுக்குப் போனோம். ஏரிக்கு வரும் நீரை முதலில் நாணலும் கோரையும் நிறைந்த 24 தடுப்புகள் வழியாக விட்டு வடிகட்டுகிறார்கள். மொத்தம் ஏறக்குறைய 200 ஹெக்டர். நாரைகளும் கொக்குகளும் வந்து தங்குகின்றன. இந்த ஊரை வடிவமைத்தவர்களைக் குறை சொல்லியே எழுதிவிட முடியாது. 49 சதுர கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பசுமைக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். குடும்பத்தோடு வந்து காசு அதிகம் செலவழிக்காமல் நடந்துவிட்டுப் போக இப்படி ஓர் இடம் எங்கள் ஜொகூர் பாருவுக்கு வராதா என்று ஏங்கினோம்.

இரவில் ஸ்ரீ வாவாசான் பாலம். 240 மீட்டர் நீளம். சாய்ந்து நிற்கும் ஒற்றைத் தூணிலிருந்து கம்பிகள் விரிய, பாய்மரக் கப்பல் போலத் தெரியும். விளக்கு நிறம் மாற மாற இளைஞர்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதே ஊரில் யாரும் படம் பிடிக்காத தொங்குபாலம் ஒன்றும் உண்டு. மோனோரயிலுக்காகக் கட்டியது. 2004இல் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பாலம் மட்டும் ரயிலுக்காகக் காத்திருக்கிறது. பிறகு 2023 மார்ச்சில் கோலாலம்பூரிலிருந்து எம்.ஆர்.டி. ரயில் முழுமையாக வந்து சேர்ந்தது. இப்போது மாநகரிலிருந்து காரில்லாமலே வரலாம்.

ஞாயிறு காலை அம்மாவின் தம்பி வீட்டுக்குப் போனோம். பக்கத்து டிங்கில் வட்டாரத்தில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் இருக்கிறார். நகரம் வந்தபோது பிராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மெடிங்லி ஆகிய நாலு தோட்டங்களின் பாட்டாளிக் குடும்பங்கள், ஏறக்குறைய நானூறு, இங்கேதான் குடியேற்றப்பட்டன. லயத்தில் வாசலும் கோழியும் வாழைக்கன்றும் வைத்திருந்தவர்கள் மாடிப்படி ஏறினார்கள். சுவரில் விரிசல் என்று நாளிதழ்களில் பலமுறை செய்தி வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தரை வீடு வேண்டும் என்பது அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் கேட்டு வந்த கோரிக்கை.

கோழிப் பிரட்டலும் ரசமுமாகச் சாப்பாடு. அம்மாவும் தம்பியும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, இன்னார் எந்த மாடியில், இன்னார் எப்போது போய்ச் சேர்ந்தார் என்று கணக்கெடுத்தார்கள். எங்கள் நண்பர், “மாமா, அந்த ஊரைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வரலையா?” என்று கேட்டார். மாமா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: “எம் மக அங்கதான் ஓர் அமைச்சுல கிராணியா இருக்கா. என் அப்பா உளி புடிச்ச மண்ணுல அவ கம்பியூட்டர் முன்னாடி உக்காந்திருக்கா. அது சந்தோசம் இல்லாம என்ன? ஆனா நாங்க நல்லா இருந்தோம், இப்ப நல்லா இருக்கோம்னு சொல்றதுக்கு நடுவுல இருபது வருசம் இருக்கு பாரு, அத யாரு திருப்பித் தர்றது?”

யாரும் பேசவில்லை. அத்தை வந்து எல்லார் தட்டிலும் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

நாட்டுக்கு ஒரு நிர்வாக நகரம் தேவைப்பட்டது என்பது உண்மை. தோட்டங்கள் என்றைக்கும் தோட்டமாகவே இருந்திருக்கப் போவதில்லை என்பதும் உண்மை. பால் வெட்டு மங்கி, செம்பனை வந்து, பிறகு வீடமைப்பு வந்தது நாடு முழுக்க நடந்த கதை. ஆனால் நிலத்தை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் அன்றைக்கே கணக்கு முடிந்துவிடுகிறது. அந்த நிலத்தில் மூன்று தலைமுறை உழைத்தவருக்கு மட்டும் கணக்கு முடிய ஒரு தலைமுறை ஆகிறது. ஊரின் அமைதியைப் பாராட்டும்போது இதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது. அமைச்சுக் கட்டடங்களிலிருந்து டிங்கில் வெகு தூரமில்லை. சில கிலோமீட்டர்தான்.

நாங்கள் நடந்த இடங்களில் அந்தத் தோட்டப் பாட்டாளிகளைப் பற்றி ஒரு வரி எங்கள் கண்ணில் படவில்லை. மரபுப் பூங்காவின் பால்மரத்தடியில் ஒரு சின்னப் பலகை போதும். பி.பி. 86 இங்கேதான் பிறந்தது, இன்ன மக்கள் இதை வளர்த்தார்கள் என்று நாலு வரி, மலாயிலும் தமிழிலும். பெரிய செலவில்லை. நம் சங்கங்கள் கேட்கலாம். தோட்டத்துக் கோவில் திருவிழாப் படம், சம்பளச் சீட்டு, பழைய உளி என்று டிங்கில் வீடுகளின் அலமாரிகளில் இருப்பதை யாராவது ஒருவர் படம் பிடித்து வைக்கலாம். பிராங் பெசாரில் பிறந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

டிங்கில் மட்டும்தானா? நம் தெப்ராவும் அப்படித்தான். முதலில் ஆற்றங்கரையில் கங்கார் அமைத்துச் சீனர்கள் கம்பீரும் மிளகும் பயிரிட்டார்கள். பிறகு பால்மரம் வந்தது. இன்று காப்பிக் கடைகளும் பேரங்காடிகளும் வரிசைகட்டி நிற்கும் மவுண்ட் ஆஸ்டின், பெயரிலேயே பழைய ரப்பர்த் தோட்டத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. சனிக்கிழமை இரவு அங்கே காப்பி குடிக்க இடம் தேடும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர்கள் பாட்டி எந்த லயத்தில் இருந்தார் என்று தெரியும்? கேட்டுப் பாருங்கள். பாட்டிக்குத் தெரியும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இரண்டு நாள் தாராளம். ஞாயிற்றுக்கிழமை அலுவலகப் பகுதியில் கடைகள் குறைவு என்பதால் குடிக்கத் தண்ணீரும் கொறிக்க ஏதாவதும் கையில் இருக்கட்டும். பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை வெட்டவெளியில் நடக்காதீர்கள். பாலங்களையும் ஏரிக்கரையையும் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசலுக்குப் போவதென்றால் ஆடையில் கவனம். இளையவர்கள் மட்டும் போனால் நல்ல படங்களோடு திரும்பலாம். வீட்டில் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர் யாராவது இருந்தால், முன் இருக்கையில் அவரை உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். வழியில் எந்த மேட்டைப் பார்த்து எதைச் சொல்வார் என்று யாருக்கும் தெரியாது. சொல்லும்போது வானொலியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.